எழுத்துக்கு விக்கல் எடுத்த கிம்ப்

கொழும்பு வெள்ளவத்தையில் மாமாவின் சாப்பாட்டுக்கடை இணையப் பக்கத்துக்காக, ‘கொத்து ரொட்டி’ என்று எழுத்தெழுத்தாக வந்து விழும் ஜிஃப் (அசையும் படம்) ஒன்றை கிம்ப்பில் செய்தேன். படங்களைத் திருத்தும் காசில்லாத மென்பொருள் அது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு லேயரும் ஒரு ஃப்ரேம், அதாவது அசைவில் ஒரு காட்சி, அவ்வளவுதான்.

முதல் ஃப்ரேமில் ‘க’ வைத்து, அடுத்ததில் ‘கொ’ ஆக்கினேன். இடப்பக்கம் கொம்பு முளைக்க, ‘க’ வலப்பக்கம் துள்ளியது! “என்னடா, எழுத்துக்கு விக்கலா?” என்றார் மாமா. அப்புறம் கொ, கொத், கொத்து என்று முழு எழுத்தாகவே லேயர் போட்டேன். சரியாக வந்தது.

கடைசி ஃப்ரேம் ஒன்றரை விநாடி நிற்க, அந்த லேயரின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் 1500 எம்எஸ் (மில்லி விநாடி) என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நேரத்தைப் போய்ப் பெயரில் எழுதுவதா? எரிச்சல்தான். ஜிஃப்புக்கு 256 நிறம்தான் என்பதால் பின்னால் வைத்த கொத்துப் படம் புள்ளி புள்ளியானது, வெறும் மஞ்சளாக்கிவிட்டேன். ஏற்றுமதியின்போது அனிமேஷன் என்பதை டிக் செய்ய மறந்தால் அசையாத படம்தான் வரும்.