ஃபெட்ச் வழியே பகிர்வுக் கோப்புகள்: மூன்று வழிகளின் ஒப்பீடு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினிக்கூடத்தில், இருபது கணினிகளும் சிம் அட்டை இட்ட ஒரே ரவுட்டரை நம்பியிருக்கும் நிலையில், கடந்தகால வினாத்தாள்களைப் பகிர ஓர் இணையச் செயலி எழுதுபவருக்கு, இணையப் பக்கங்கள் தரவைக் கேட்டுப் பெறும், எல்லோருக்கும் பழகிய ஃபெட்ச் கட்டளையிலேயே, கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் பகிர்வு வலையிலுள்ள கோப்பையும் கேட்டுப் பெற முடிவது பெரிய வசதியாகும். ஐபிஎஃப்எஸ், ஹைப்பர்கோர், பிட்டொரென்ட் ஆகிய மூன்று பகிர்வு வலைகளுக்கும் இதற்கான நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) உண்டு. கட்டளை ஒன்றுபோல் இருந்தாலும், கோப்பு எவ்வழியே வந்து சேர்கிறது என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. தரவுச் செலவை முடிவு செய்வதும் அதுவே.

ஐபிஎஃப்எஸ் தரப்பில், ஹீலியா குழுவினரின் வெரிஃபைட் ஃபெட்ச் என்ற நூலகம் சாதாரண உலாவியிலேயே, கைத்தொலைபேசியிலும்கூட, இயங்குகிறது. உள்ளடக்கத்தின் ஹாஷிலிருந்து (உள்ளடக்கத்தைக் கணித்துப் பெறும், விரலடையாளம் போன்ற குறியீடு) பிறந்த சிஐடி என்ற அடையாளமே முகவரி என்பதால், கோப்பைத் தருபவர் யாராயினும், வந்த ஒவ்வொரு துண்டையும் உலாவியே சரிபார்த்துவிடுகிறது. ஆயினும் துண்டுகள் பெரும்பாலும் ஐபிஎஃப்எஸ் கோப்புகளைச் சாதாரண இணையம் வழியே தரும், எங்கோ உள்ள நுழைவாயில் சேவையகங்களிலிருந்து வருவதால், இருபது கணினிகள் ஒரே வினாத்தாளைக் கேட்டால் அது இருபது முறை ரவுட்டர் வழியே இறங்கும். திருத்திய விடைத்தாளுக்குச் சிஐடியும் மாறிவிடும். நிலையான முகவரிக்கு, புதிய சிஐடியைச் சுட்டும் மாறாப் பெயரைத் தரும் ஐபிஎன்எஸ் போன்ற ஏற்பாடு வேண்டும்.

முகவரி மாறும் அந்தத் தொல்லை ஹைப்பர்கோரில் இல்லை. வெளியிடுபவரின் பொதுச் சாவியே (அவரை அடையாளங்காட்டும், எவருக்கும் தரக்கூடிய குறியீடு) முகவரியாதலால், கோப்பு மாறினாலும் முகவரி மாறாது. ஃபெட்ச் வழியே அனுப்பும் புட் என்ற எழுதும் கோரிக்கையால் கோப்பை எழுதவும் இயலும். ஆனால் அதன் வலையமைப்பு யுடிபி என்ற தரவு அனுப்பும் நெறிமுறையை நம்பியுள்ளது. உலாவிப் பக்கத்தால் யுடிபி இணைப்பைத் திறக்க இயலாது. எனவே உலாவிக்கு வெளியே நிரலை இயக்கும் நோட் அல்லது அக்ரிகோர் போன்ற தனி உலாவி தேவைப்படுகிறது. மாணவரின் தொலைபேசிக்கு இது பொருந்தாது.

கணினிக்கூடத்துக்கு நான் தேர்வது, பிட்டொரென்ட்டை உலாவியில் இயக்கும் நூலகமான வெப்டொரென்ட். உலாவியில் இதற்குத் தனி ஃபெட்ச் இல்லாவிட்டாலும், பக்கத்தின் கோரிக்கைகளை இடைமறித்துப் பதில் தரும் பின்னணி நிரலான சேர்விஸ் வேர்க்கர் துணையுடன் டொரென்ட்டிலுள்ள (பகிரப்படும் கோப்புத் தொகுதி) ஒவ்வொரு கோப்புக்கும் சாதாரண முகவரி கிடைப்பதால், உலாவியின் சொந்த ஃபெட்ச் அதைக் கேட்கலாம். உலாவிகளை நேரடியாக இணைக்கும் வெப்ஆர்டிசி வழியே கணினிகள் நேரடியாக இணைவதால், ஒரு கணினி பெற்ற துண்டு ரவுட்டரைத் தாண்டி வெளியே செல்லாமலே அடுத்த கணினிக்குப் போய்ச்சேரும். கணினிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த மட்டும் வெளியிலுள்ள ட்ராக்கர் என்ற சேவையகம் வேண்டும். உலாவி வெப்டொரென்ட்டால் வழக்கமான பிட்டொரென்ட் மென்பொருள்களோடு பேச முடியாது என்பதால், கூடத்தில் ஒருவரும் இல்லாத நேரத்துக்கு கோப்பைச் சாதாரண இணைய முகவரியிலிருந்து தரும் ஒரு வெப்சீட் வைத்திருப்பது அவசியம். வைஃபையில் சாதனங்களை ஒன்றுக்கொன்று மறைக்கும் தெரிவு ரவுட்டரில் இயங்கினால் இந்தச் சேமிப்பு கிடைக்காது. முதலில் அதை அணைக்க வேண்டும்.