21 இலக்க எண்ணையும் உடைத்துப் போடும் கால்குலேட்டர்

போனில் இருந்த கால்குலேட்டர் ஆப்பில் 2^67 போட்டேன், 1.475739525896764E20 என்றது. சரி, அதில் ஒன்றைக் கழி என்றேன், மறுபடியும் அதே விடை! கடைசி 5 இலக்கத்தை முழுங்கிவிட்டு, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்றுகூடக் காட்டாத விடையை வைத்துக்கொண்டு, அது பகா எண்ணா இல்லையா என்று எங்கே போய்ப் பார்ப்பது?

அப்புறம்தான் அர்ஜென்டினாக்காரர் டாரியோ அல்பெர்ன் எழுதிய ஆல்பெர்ட்ரான் தளத்தின் காரணிப்படுத்தும் கால்குலேட்டருக்குப் போனேன். காசு கிடையாது, லாகின் கிடையாது. எண்ணை முழுக்க அடிக்கவும் வேண்டாம், 2^67-1 என்றே அடிக்கலாம். பட்டனிலிருந்து கையை எடுப்பதற்குள் 147573952589676412927 = 193707721 × 761838257287 என்று வந்து நிற்கிறது.

இந்த எண்ணின் கதை தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேகம் வயிற்றைக் கலக்கும். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதக்காரர் லூக்கா அது தப்பு என்று நிரூபித்தார், ஆனால் காரணிகள் எவை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. 1903-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் இரண்டு காரணிகளையும் வெளியிட்டார். கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு வாயே திறக்காமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆனதாம். இத்தனைக்கும் எல்லா எண்ணையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை, இதன் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 தான் வரும் (முதல் காரணியில் ஒன்றைக் கழித்து, 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் சரியாக 1445580). அப்படிச் சலித்தும் அவ்வளவு பாடு.

காரணியோடு நிற்காமல் இந்தக் கால்குலேட்டர் வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பு (1-ஐத் தவிர அந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது) எல்லாம் வரிசையாகக் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது, எண்ணை வர்க்கங்களின் கூட்டலாகப் பிரித்துக் காட்டும் வரிதான். இந்த எண்ணுக்கு நான்கு வர்க்கம் வேண்டும், மூன்றில் முடிக்கவே முடியாது. ஏனென்றால் ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறை) இது 67 ஒன்றுகள், 8-ஆல் வகுத்தால் மீதி 7, அப்படிப்பட்ட எந்த எண்ணும் மூன்று வர்க்கத்துக்குள் அடங்காது. இந்தக் காரணத்தைத் தளம் சொல்லாது, விடையை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும், காரணம் நாம்தான் தேட வேண்டும். ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது.

கணக்கு ஓடுவது உங்கள் பிரௌசரில்தான். அதனால் பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்கி 100 இலக்கத்துக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆசை இருந்தால் போனில் வேண்டாம், லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.