"புழு மருந்து கொடுத்தாச்சு" என்று சொல்லி பியர்டட் டிராகன் விற்பவரிடம் கவனம்

எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, புழு மருந்தும் கொடுத்தாச்சு என்று சொல்லி, பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை) குட்டியோடு ஒரு லேப் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்தார் விற்றவர். அதிலிருக்கும் தேதியில் இந்தக் குட்டி முட்டையை விட்டே வெளியே வந்திருக்காது. மூன்று மாதக் குட்டி என்று சொன்னதும் அவரேதான். ஏதோ ஒரு பிராணியின் ரிப்போர்ட்டை நகலெடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார் போல.

வந்த புதிதில் நன்றாகத்தான் சாப்பிட்டது. அப்புறம் கழிவு தண்ணீராக, சளி கலந்து, அறையே நாறும்படி போக ஆரம்பித்தது (நல்ல நிலையில் பழுப்பாக, உருவத்தோடு, பக்கத்தில் யூரேட் எனும் வெள்ளையான சிறுநீர்க் கழிவுடன் இருக்க வேண்டும்). வாலின் அடிப்பகுதி ஒட்டிப்போய் இடுப்பெலும்பு தெரிந்தது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கழிவைக் கொண்டுபோனால், மைக்ராஸ்கோப்பில் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி ஏகப்பட்டது, கூடவே பின்வார்ம் என்ற குடல் புழுவின் முட்டைகளும்.

விற்றவரைக் கேட்டதற்கு, "பியர்டட் டிராகன்னா புழு இருக்கத்தான் செய்யும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். பின்வார்ம் கொஞ்சமாக இருந்து, பிராணி நன்றாகத் தின்று எடையும் ஏறினால் பல மருத்துவர்கள் மருந்தே எழுத மாட்டார்கள். ஆனால் குட்டிக்குக் காக்சிடியா பெருகினால் அப்படி விட முடியாது, அது குடல் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. தவிர, காக்சிடியா புழுவே இல்லை, ஒருசெல் உயிரி. ஃபென்பெண்டசோல் போன்ற புழு மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே அவர் உண்மையிலேயே மருந்து கொடுத்திருந்தாலும் இது போயிருக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், உயிருள்ள பிராணிக்கு கேரண்டி கிடையாதாம்.

இப்போது கூண்டில் மணல் எதுவும் இல்லை, வெறும் காகிதம்தான், கழிவு விழுந்ததும் மாற்றிவிடுகிறோம். கழிவில் வெளியேறும் ஊசிஸ்ட்டைக் (காக்சிடியாவின் முட்டை போன்ற, ஓடுள்ள நிலை) குட்டியே மிதித்து, நக்கி, மறுபடி விழுங்கிவிடும், மீந்த கிரிக்கெட் பூச்சி கழிவைத் தின்று அந்தப் பூச்சியைக் குட்டி தின்றாலும் அதே கதைதான், சாதாரண கிருமிநாசினிக்கெல்லாம் அது அசையாது, அதனால் பாத்திரம், கல், கட்டை எல்லாம் நீராவியில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்க்கிறோம். மருந்தின் அளவே எடையை வைத்துத்தான் என்பதால் நெட்டில் பார்த்து ஊற்றிவிடாதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள், வீட்டில் ஏற்கெனவே வேறு ஊர்வன இருந்தால், புதியதை 60 முதல் 90 நாள் தனி அறையில் வையுங்கள், தொட்டிகளும் இடுக்கிகளும்கூடத் தனியாக. டெஸ்டுக்குக் கழிவைக் காய்வதற்குள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தாமதமானால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஒரு தடவை ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கழிவிலும் முட்டை வெளிவராது. சில வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். முடிந்தால் உங்கள் மருத்துவரின் ரிப்போர்ட் வந்த பிறகே மீதிப் பணம் என்று முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.