1985-இன் இரண்டு தனிக்கதைத் தொடர்கள்: மறுபடி பார்க்க எது?

1985 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிபிஎஸ் பழைய ‘ட்விலைட் ஸோன்’ தொடருக்குப் புத்துயிர் அளிக்க, என்பிசி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ தொடரைத் தொடங்கியது. இரண்டிலும் அருமையான கதைக்கு அருகிலேயே சொத்தைக் கதையும் உண்டு என்றாலும், அவை சறுக்கும் இடங்கள் வேறு.

ஸ்பீல்பெர்க்கின் தொடரில் காட்சியழகுக்குக் குறைவில்லை. கதைதான் பல வாரங்களில் அரைமணி நேரத்தைக்கூடத் தாங்கவில்லை. அவரே இயக்கிய ‘தி மிஷன்’, தரையிறங்கச் சக்கரங்கள் இல்லாத குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றுக் கூண்டில் சிக்கிய இளைஞனின் உயிர்ப் பதற்றத்தை அபாரமாக வளர்த்துவிட்டு, அவன் வரைந்த சக்கரங்கள் நிஜமாக முளைப்பதோடு அதைக் கலைத்துவிடுகிறது.

‘ட்விலைட் ஸோன்’ ஒரு மணி நேரத்தை வெவ்வேறு நீளமுள்ள இரண்டு, மூன்று கதைகளாகப் பிரித்துக்கொண்டதால், ஒவ்வொரு கதையும் தனக்கு வேண்டிய அளவே நீண்டது. குறுங்கதைகளில் சில வெறும் வேடிக்கைதான். ஆனால் ஹார்லன் எல்லிசன் எழுதிய ‘பாலடின் ஆஃப் தி லாஸ்ட் அவர்’ கதையில், உலகின் கடைசி ஒரு மணி நேரத்தைச் சட்டைப்பைக் கடிகாரத்தில் காத்துவரும் முதியவராக டேனி கே, வியட்நாம் போரின் நினைவில் வதங்கும் இளைஞன் ஒருவனிடம் அதை ஒப்படைக்கும் காட்சி, எத்தனையாவது முறை பார்த்தாலும் தொண்டையை அடைக்கிறது. என் தேர்வு ‘ட்விலைட் ஸோன்’ தொடரே. சிக்கனமாக எடுக்கப்பட்ட மூன்றாம் பருவத்தை மட்டும் விட்டுவிடலாம்.