பெட்ரோல் பங்கில் "200-ன்னு காதுல விழுந்துச்சு சார்" என்றால் உஷார்

இரண்டு மாதமாக என் பைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

தாம்பரத்திலிருந்து ஒரகடம் போய் வர தினமும் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறேன். 2014 மாடல் வண்டி, லிட்டருக்கு 55 கொடுக்கும். 500 ரூபாய்க்குப் போட்டால் ஐந்து நாள் ஓடும், அது திடீரென்று மூன்றாம் நாளே ரிசர்வுக்கு வர ஆரம்பித்தது. கம்பெனியில் யாரைக் கேட்டாலும் "எல்லாம் எத்தனால் வேலைதான், பெட்ரோல்ல 20 சதவீதம் கலக்குறான்ல" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பின் 2021 அறிக்கையிலேயே பைக்குக்கு 3, 4 சதவீதம்தான் மைலேஜ் குறையும் என்று இருக்கிறது, இன்னும் கூடுதலாகவே குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நாள் எப்படி மூன்று நாளாகும்? இந்தக் கணக்கைப் போடாமல் மெக்கானிக்கிடம் போய் கார்புரேட்டர் கிளீனிங், பிளக், செயின் என்று 1,150 ரூபாய் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு, வழக்கமாகப் பெட்ரோல் போடும் அதே பங்குக்குப் போனேன். 500-க்குப் போடச் சொன்னேன். 200-இல் நிறுத்திவிட்டு "200-ன்னு காதுல விழுந்துச்சு சார், இருங்க மிச்சம் 300 போட்டுடறேன்" என்றார் பையன். இது எனக்குப் பழகிப்போன வசனம், அங்கே சத்தம் அதிகம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரியாக அந்த நேரம் இன்னொருவர் "கார்டா, ஜிபேவா சார்?" என்று பக்கத்தில் வர, நான் போனை எடுக்கக் குனிந்தேன். மனைவிதான் தோளைத் தட்டினாள்: "ஏங்க, மீட்டர்ல ஜீரோவே வைக்கல."

அவ்வளவுதான் விஷயம். மீட்டர் 200-இலிருந்தே ஓடி 300-இல் நின்றது. வண்டிக்குள் போனது மொத்தமே 300 ரூபாய் பெட்ரோல், நாம் 200-ம் 300-ம் சேர்த்து 500 கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வருகிறோம்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்து "செக் பண்ணிக்கோங்க சார்" என்றார். அளவு சரியாகத்தான் இருந்தது! இருக்காதா பின்னே, திருட்டு மெஷினில் இல்லையே. பில் கேட்டதும்தான் முகம் மாறியது. பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது என்றார்கள், நகராமல் நின்றதும் ரோல் கிடைத்தது, பில்லில் 300 என்றே வந்தது. அந்த 300 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

500-க்குப் பதில் 510, 520 என்று கேட்டால் ஏமாற்ற முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதெல்லாம் இதற்கு உதவாது. வண்டியை விட்டு இறங்குங்கள், காசு கொடுக்கும் பேச்சை எல்லாம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால், ஏற்கெனவே போட்ட 200-க்குப் பில்லை வாங்கிவிட்டு, ஜீரோ வந்ததைப் பார்த்த பிறகே மிச்சத்தைப் போடச் சொல்லுங்கள்.

பங்கு போர்டில் இருந்த எண்ணெய் கம்பெனி நம்பரில் புகார் கொடுத்திருக்கிறேன். போன இரண்டு மாதப் பணத்தைப் பற்றி மேனேஜரிடம் கேட்டதற்கு "ப்ரூஃப் இருக்கா சார்?" என்றார். ஒரு பில் கூட இல்லை.