கிளாம்பா, கல்மேடையா, பீங்கான் கம்பியா: வீட்டுக் கத்திகளுக்கு எந்தத் தீட்டுக் கருவி?

காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் ஒரு சமையலறையில் இருக்கும் கத்திகள் எல்லாம் ஒரே இனமாக இருப்பது அபூர்வம். திருப்பாச்சேத்திப் பக்கத்துப் பட்டறையில் அடித்து வாங்கிய கனமான கறிக்கத்தி ஒன்று இருக்கும்; சின்ன வெங்காயம் உரிக்கவும் மாங்காய் நறுக்கவும் கடையில் வாங்கிய மெல்லிய எவர்சில்வர் கத்திகள் இரண்டு மூன்று கிடக்கும்; சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் கொண்டுவந்த எட்டு அங்குலக் கத்தி ஒன்று உறையோடு மேல்தட்டில் இருக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மனம் பறிகொடுத்தவர் வீடு என்றால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரை தேய்ந்துபோன பேனாக்கத்தி ஒன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கும். இவை அனைத்தையும் ஒரே கருவியால் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் கருவி தேடத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட நிபந்தனை. அந்தத் தேடலில் கையாண்டு பார்த்த மூன்று வகைகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். முடிவில் நான் வாங்கியது பீங்கான் கம்பி வகை. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

கோணம் பிடித்துத் தரும் கருவி எதற்கு என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. அலகின் இரண்டு சரிவுகளும் ஒரே கோட்டில் சந்தித்தால் அதுதான் கூர். கையால் கல்லில் தேய்க்கும்போது ஒவ்வோர் இழுப்பிலும் கோணம் சற்றே மாறுவதால், அந்தக் கோடு மழுங்கி உருண்டுவிடுகிறது. பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கையே கருவி. மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு துணை வேண்டும். இரண்டு கார்பைடு துண்டுகளுக்கு நடுவில் கத்தியை இழுக்கும் மலிவான சாதனத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அது தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. கத்தியைக் காந்தக் கட்டையில் ஒட்டி, அதன் வாயில் உருளையை உருட்டித் தீட்டும் ஜெர்மானிய ஹோர்ல் போன்ற உருளை வகைகள் 15, 20 டிகிரி என்ற இரண்டு கோணங்களுக்கும் நேரான சமையல் கத்திகளுக்கும் அழகாகப் பொருந்தினாலும், பேனாக்கத்தியின் குறுகிய அலகை அவற்றின் காந்தத்தில் ஒட்டி வேலை செய்வது சிரமம்.

முதல் வகை கிளாம்ப். லான்ஸ்கி இதில் பழைய பெயர்: கத்தியின் முதுகை இரண்டு தாடைகளுக்கு நடுவில் திருகி இறுக்கி, கல் பொருத்திய கம்பியை 17, 20, 25, 30 டிகிரித் துளைகளில் ஒன்றில் செருகித் தேய்க்க வேண்டும். வொர்க் ஷார்ப் நிறுவனத்தின் பிரிசிஷன் அட்ஜஸ்ட், 15 முதல் 30 வரை ஒவ்வொரு டிகிரியாக மாற்ற இடம் தருகிறது. 320, 600 கிரிட் (துகளின் நயத்தைக் குறிக்கும் எண்; எண் கூடினால் நயம் கூடும்) வைரத் தகடுகளும் ஒரு பீங்கான் பரப்பும் ஒரே முக்கோணக் கட்டையில் வருகின்றன. கேஎம்இ, விக்கெட் எட்ஜ் போன்றவை இதே வகையின் உயர்தட்டுப் பிள்ளைகள். அவற்றின் விலைக்கு ஒரு வீட்டின் கத்திகள் அனைத்தையும் புதிதாக வாங்கிவிடலாம் என்பதால் அவற்றை நான் தொடவில்லை.

கிளாம்ப் வகையைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு குறையை இங்கே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. கம்பி சுழலும் புள்ளியிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோணம் குறைந்துகொண்டே போகும் என்பார்கள். நேரான அலகில் அப்படி நடப்பதில்லை. கம்பி தன் துளைக்குள் தாராளமாக உருளுமானால், அலகின் நேர்கோடும் சுழல்புள்ளியும் சேர்ந்து ஒரே தளத்தைத்தான் தீர்மானிக்கின்றன. கல் அந்தத் தளத்திலேயே படிகிறது. கோணம் மாறுவது நுனிக்கு அருகில் உள்ள வளைவில். சுழல்புள்ளிக்கும் நேரான வாய்க்கும் இடையே 15 செ.மீ. என்று வைத்து 20 டிகிரியில் அமைத்துக்கொண்டால், கிளாம்புக்கு வெகுதூரம் தள்ளி நிற்கும் நீண்ட கத்தியின் நுனி வளைவில் அது ஏறத்தாழ 17 வரை இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாம்பை நுனிப் பக்கம் மிகவும் நகர்த்தினால் நேர்மாறாகக் கோணம் ஏறும். நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் ஈடாகும். வாயில் மார்க்கர் பேனாவால் மை பூசி, இரண்டு மூன்று முறை தேய்த்து, மை எங்கே போகிறது என்று பார்த்தே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கத்திக்கும் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

இந்த வகையின் பலம் பெரியது: உடைந்த நுனி, பல் விழுந்த வாய், தவறான கோணத்தில் தேய்க்கப்பட்ட சரிவு ஆகியவற்றை இதைப் போல ஒழுங்காக வேறெதுவும் திருத்துவதில்லை. பலவீனம் பேனாக்கத்திகளிடம் தெரிகிறது. குறுகிய அலகைத் தாழ்ந்த கோணத்தில் வைத்தால் கல் அலகைத் தொடும் முன்னே தாடையைத் தொட்டுவிடுகிறது. முதுகிலிருந்தே சரிந்து மெலியும் அலகுகள் தாடைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கின்றன. முதுகில் துணிநாடா ஒட்டிப் பிடிப்பது ஓரளவு உதவும்.

இரண்டாவது வகை கல்மேடை. அமெரிக்காவின் எட்ஜ் புரோவை முன்மாதிரியாகக் கொண்டு சீனாவிலிருந்து எத்தனையோ நகல்கள் வருகின்றன. இதில் கத்தியைத் திருகி இறுக்குவதில்லை; மேடைமேல் ஒரு கையால் கிடத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியில் பொருத்திய கல் எதிரே வருமாறு கத்தியை நகர்த்திக்கொண்டே போகிறோம். நீண்ட கத்திக்கும் குட்டைக் கத்திக்கும் இதில் வேறுபாடு இல்லை. கற்கள் ஆறு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம் என்ற பொது அளவில் இருப்பதால், ஒரு நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள ரப்பர் உறிஞ்சி, பளபளப்பாக்கிய கடப்பைக் கல்லில் ஈரம் தொட்டு வைத்தால் நன்றாகப் பிடிக்கும். பழைய வீடுகளின் சொரசொரப்பான சமையலறைத் திட்டிலும் மரப்பலகையிலும் பிடிக்காது. நான் சில வாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்திய நகல் ஒன்றில் கோணம் காட்டும் கோடுகளும் உண்மையான கோணமும் ஒத்துப்போகவில்லை. நகலுக்கு நகல் தரம் மாறும் என்பதால், கோணமானியை வைத்து அளந்த பிறகே கோடுகளை நம்ப வேண்டும்.

மூன்றாவது வகைதான் என் தேர்வு. ஸ்பைடர்கோ 1981-ல் தன் முதல் மடக்குக்கத்தியை வெளியிடுவதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்த சாதனத்தின் வழிவந்தது ஷார்ப்மேக்கர். ஒரு பிளாஸ்டிக் அடிக்கட்டையில் இரண்டு முக்கோணப் பீங்கான் கம்பிகள் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கும். ஒரு ஜோடித் துளைகள் பக்கத்துக்கு 15 டிகிரி, இன்னொரு ஜோடி பக்கத்துக்கு 20. பழுப்பு நிறக் கம்பிகள் நடுத்தரம், வெள்ளை நிறக் கம்பிகள் நயம். கத்தியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தேங்காய்ப் பத்தையைச் சீவுவதுபோல மேலிருந்து கீழே இழுத்து வர வேண்டும். இடக் கம்பியில் ஒன்று, வலக் கம்பியில் ஒன்று. முதலில் கம்பியின் முனைக்கோடு, பிறகு தட்டைப் பக்கம், பிறகு வெள்ளைக் கம்பி. கையைக் காக்கப் பித்தளைக் கம்பிகள் இரண்டு முன்னால் நிற்கின்றன.

இதன் கோணம் கருவியில் பாதி, கையில் பாதி. கத்தியை எவ்வளவு நெட்டுக்குத்தாகப் பிடிக்கிறோமோ அவ்வளவுதான் துல்லியம். ஆனால் 20 டிகிரி சாய்வைக் கண்ணால் மதிப்பிட முடியாதவர்களும் செங்குத்தை மதிப்பிட்டுவிடுகிறார்கள் என்பது அனுபவத்தில் தெரிகிறது. வீட்டில் சமையலுக்கு வரும் அக்கா, கிளாம்பை நான் திருகுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு வெங்காயம் அரியறதுக்கு எதுக்கு இத்தனை திருகு?” என்று கேட்டார். பீங்கான் கம்பியை அவர் முன்னால் வைத்தபோது, நான் விளக்கி முடிப்பதற்குள் கத்தியை எடுத்து இழுக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாவது தடவை அவரே எடுத்துத் தீட்டிக்கொண்டார். கருவி எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் என்னிடம் கேட்டார்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பை எழுதியது கூர்மை அல்ல, பராமரிப்பு. முதல் நாளில் மூன்று வகைகளும் தாளைச் சீவும் கூர்மையைத் தந்தன. ஓராண்டு கழித்து அவற்றின் கற்கள் எந்த நிலையில் இருக்கும், அவற்றை மீட்டெடுக்க என்ன செய்ய வேண்டும், அந்த வேலையை யார் செய்வார் என்ற கேள்விகள்தாம் அவற்றைப் பிரித்துக்காட்டின.

கிளாம்ப், கல்மேடை இரண்டிலும் வரும் சாதாரணக் கற்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடோ சிலிக்கான் கார்பைடோ ஆகும். இவை தேய வேண்டியவை. தேய்ந்தால்தான் புதிய துகள் வெளிவந்து வெட்டும். ஆனால் கம்பியில் பொருத்திய கல் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்வதால், சில மாதங்களில் பள்ளம் விழுகிறது. கல்லின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும், 15 செ.மீ. தூரத்தில் கோண வேறுபாடு அரை டிகிரிக்கும் கீழ்தான், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பள்ளத்தின் விளிம்பில் கத்தி நுனி இடறுவதுதான் தொல்லை. அதற்குக் கண்ணாடித் தகட்டின்மேல் நீர்த்தாள் (தண்ணீர் தாங்கும் உப்புத்தாள்) விரித்து, தண்ணீர் தெளித்து, கல்லைச் சமமாகத் தேய்க்க வேண்டும். கல் எண்ணெயில் பழகியதா தண்ணீரில் பழகியதா என்பதையும் மறக்கக் கூடாது: எண்ணெய் குடித்த கல்லை மீண்டும் தண்ணீருக்குத் திருப்புவது எளிதல்ல. சாம்பல் நிறச் சேறு மேடை முழுவதும் வழிந்தபின் அதைத் துடைக்கும் வேலை தனி. பொது அளவுக் கல்லென்றால் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். கம்பியோடு ஒட்டி வரும் தனி அளவுக் கல்லென்றால், அந்த நிறுவனத்தின் பொருளே கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும்; காரைக்குடியில் எந்த இரும்புக் கடையிலும் அது கிடைப்பதில்லை.

வைரத் தகடுகள் பள்ளம் விழுவதில்லை; அதனாலேயே பலரும் அவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். எஃகுத் தகட்டின்மேல் நிக்கல் மின்முலாம் பூசி, அந்த முலாமுக்குள் வைரத் துகளைப் பதித்திருப்பார்கள். மின்முலாம் காரைக்குடிக்குப் புதிய சொல் அல்ல; 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் இது. அந்த நிக்கல் படலம் துகளைப் பிடித்திருக்கும் வரைதான் தகட்டுக்கு உயிர். வேகமாக முடிக்க நினைத்து அழுத்தித் தேய்த்தால் துகள்கள் பிடுங்கிக்கொண்டு போகும். போனதைத் திரும்பப் பெற வழியில்லை, தகட்டை மாற்ற வேண்டியதுதான். கல்லின் எடையே அழுத்தமாகப் போதும் என்ற பொறுமை உள்ளவருக்கு வைரம் நெடுநாள் உழைக்கும். சமையலறையின் அவசரத்தில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

பீங்கான் கம்பி இந்த இரண்டு தொல்லையிலிருந்தும் விலகி நிற்கிறது. சுட்டு இறுகிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) எஃகைவிடக் கடினமானது. வீட்டுப் பயன்பாட்டில் அது கண்ணுக்குத் தெரியும்படி தேய்வதில்லை. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கத்தியிலிருந்து வந்த இரும்பு அதன் பரப்பில் கருஞ்சாம்பல் கோடுகளாகப் படிந்து, கம்பி வழுக்கத் தொடங்கும். அப்போது பாத்திரம் தேய்க்கும் பொடியைப் பச்சை நார்மேல் தூவி, ஈரத்தோடு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். உலர வைத்துச் செருகிக்கொள்ளலாம். பராமரிப்பு என்று சொல்ல இவ்வளவுதான் உண்டு, அதுவும் பாத்திரம் கழுவும் கையோடு முடிந்துவிடுகிறது. பயப்பட வேண்டியது ஒன்றே: கீழே போட்டால் ஒடியும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் விழுந்த பீங்கானுக்கு மறுவாழ்வு கிடையாது. ஆகவே வேலை முடிந்ததும் கம்பிகளை அடிக்கட்டையின் பள்ளத்துக்குள் திரும்ப வைக்கும் பழக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

இந்த வகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பல் விழுந்த வாயைப் பீங்கானால் திருத்த முயன்றால் பொழுது போய்விடும். வைரம் அல்லது சிபிஎன் (வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள க்யூபிக் போரான் நைட்ரைடு) பூசிய கம்பிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றாலும், அவற்றுக்கும் மேலே சொன்ன நிக்கல் கதை பொருந்தும். கத்தியின் சரிவு ஏற்கெனவே 20 டிகிரியைவிடப் பருமனாக இருந்தால், கம்பி வாயைத் தொடாமல் சரிவின் தோளை, அதாவது அதன் மேல்விளிம்பை, மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும். இழுத்தவருக்குத் தீட்டியதாகவும் கத்திக்குத் தீட்டாததாகவும் இருக்கும். இதை மார்க்கர் மை உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதல் முறை சரிவை 17 அல்லது 18 டிகிரிக்குக் கிளாம்பால் இறக்கிக்கொண்டு, பிறகு 20 டிகிரித் துளையில் வாயை மட்டும் தொட்டுக்கொண்டே வருவது என் ஏற்பாடு. அதற்காக நண்பர் ஒருவருடைய கிளாம்பை இரவல் வாங்கினேன், ஒரு கத்திக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. எலும்போடு கறி வெட்டும் கனத்த கத்திக்கு 20 டிகிரி மெலிவு. அதன் வாய் மடங்கும். அதற்கு 25 டிகிரி தரும் கிளாம்பே ஏற்றது, என் தேர்வு அங்கே தோற்றுப்போகிறது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

மடக்குக்கத்திகளைப் பொறுத்தவரை என் அனுபவம் சாதாரண எவர்சில்வர் அலகுகளோடும் ஒரு பழைய கார்பன் எஃகுப் பேனாக்கத்தியோடும் நின்றுவிடுகிறது. அவை பீங்கானில் சுகமாகத் தீட்டப்படுகின்றன, கிளாம்பில் பிடிக்க முடியாத குட்டை அலகுக்கும் தடையில்லை. வனேடியம் என்ற உலோகம் மிகுந்த புதுவகை எஃகுகளில் உள்ள கார்பைடு என்னும் கடினத் துகள்கள் அலுமினாவைவிடக் கடினமானவை. அப்படிப்பட்ட கத்தி வைத்திருப்பவர் என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வைரத் தகடு உள்ள கிளாம்பை முதலில் பார்ப்பது நல்லது. கத்திகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் விலை உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் உட்கார்ந்து தீட்டுவதே ஒரு சுகம் என்பவருக்குக் கல்மேடை பொருந்தும். தீட்டும் வேலை பலர் கையில் மாறும் வீட்டுக்கு, அடுப்படியிலேயே நிற்கும் கம்பிகள்தாம் உதவும்.

மீதி இருப்பது அரிவாள்மனை. அதன் அலகு மேல்நோக்கி வளைந்து பலகையில் பதிந்திருப்பதால், எந்தக் கிளாம்பும் எந்த மேடையும் அதை ஏற்காது. பழுப்புக் கம்பியை அடிக்கட்டையிலிருந்து உருவிக் கையில் பிடித்து, அலகின் வளைவோடு இரண்டு பக்கமும் தடவி விட்டால், வாழைக்காய் சீவும் அளவுக்குக் கூர் திரும்பிவிடுகிறது. வாய் மிகவும் மழுங்கிப்போனால் வழக்கம்போல் தெருவில் வரும் சாணைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். சக்கரத்தின் சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் இளகிவிடும் என்பதால், அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்பது நல்லது.