அலகுக்கு அட்டவணை, வரிக்கு நிபந்தனை: எக்ஸ்எம்எல் மேப்பிங்கில் எதை எங்கே வைப்பது?

எஸ்ஏபி வணிக மென்பொருள் தரும் இன்வாய்ஸ் ஐடாக்கை (அதன் தரவுப் பரிமாற்ற வடிவம்) யூபிஎல் 2.1 (மின் இன்வாய்ஸுக்கான எக்ஸ்எம்எல் தரம்) ஆக மாற்றி பெப்போல் என்ற மின் இன்வாய்ஸ் வலையமைப்பு வழியே அனுப்பும் மேப்பிங்கில், அதாவது ஒரு வடிவத்தின் தகவலை இன்னொன்றின் தகவலோடு பொருத்தும் வேலையில், அதிகம் மண்டையை உடைப்பவை அளவு அலகும் வரி (டாக்ஸ்) வகையும்தான். பார்த்தால் இரண்டுமே "இது வந்தால் அதைப் போடு" ரகம். ஆனால் ஒன்றுக்குச் சரிப்படும் வழி மற்றதற்குச் சரிப்படாது.

முதலில் அலகு. ஐடாக்கில் எண்ணிக்கைக்கு பிசிஇ, கிலோவுக்கு கேஜிஎம், லிட்டருக்கு எல்டிஆர் என்று வரும். பெப்போலில் செல்லுபடியாவது ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 20ஆம் பரிந்துரையிலுள்ள அலகுக்குறிப் பட்டியல். கேஜிஎம், எல்டிஆர் இரண்டும் அதில் அப்படியே உண்டு. பிசிஇ கிடையாது; அதற்கு எச்87 போட வேண்டும்.

எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் சூஸ்-வென் (நிபந்தனைக் கட்டளை) எழுதினால் நாலைந்து குறி வரை படிக்க நன்றாகவே இருக்கும். நாற்பது ஆனால் கண்ணைக் கட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, எந்த வென்னும் பொருந்தாதபோது ஓடும் அதர்வைஸை எழுத மறந்தால், பட்டியலில் இல்லாத குறிக்கு எந்தப் பிழையும் வராது. வெறுமையான அலகுக்குறியோடு இன்வாய்ஸ் வெளியே போய்விடும்.

எஸ்ஏபி கிளவுட் இன்டக்ரேஷன் (அமைப்புகளை இணைக்கும் மென்பொருள்) தரும் மெசேஜ் மேப்பிங்கில் உள்ள ஃபிக்ஸ்வேல்யூஸ் என்பது மேப்பிங்குக்குள்ளேயே இருக்கும் இரண்டு பத்தி அட்டவணை. பட்டியலில் இல்லாத குறி வந்தால் என்ன செய்வது என்று அதுவே கேட்கும்: வந்ததையே அனுப்பலாம், டீஃபால்ட் போடலாம், எக்செப்ஷன் எறியலாம். வந்ததையே அனுப்பினால் கேஜிஎம் பிழைத்துக்கொள்ளும், பிசிஇ பெப்போல் சரிபார்ப்பில் அடிபடும். டீஃபால்ட்டாக சி62 வைப்பதுதான் மகா ஆபத்து. அதற்குப் பொருள் 'ஒன்று'. பட்டியலில் டன் விடுபட்டிருந்தால் 25 டன் சரக்கு 25 உருப்படியாகிவிடும், சரிபார்ப்பும் பச்சைக்கொடி காட்டிவிடும். எக்செப்ஷனே மேல். மெசேஜ் நின்றுபோனால் யாராவது பார்ப்பார்கள்.

அதே மென்பொருளின் வேல்யூ மேப்பிங் அதே அட்டவணையை மேப்பிங்குக்கு வெளியே வைக்கிறது. புதுக்குறி சேர்க்க மேப்பிங்கைத் தொட வேண்டாம் என்பது பெரிய வசதி. பல இன்டர்ஃபேஸ்கள் (அமைப்புகளுக்கிடையேயான இணைப்புகள்) ஒரே பட்டியலைப் பகிரலாம். ஆனால் அட்டவணையை அடையாளம் காட்டும் ஏஜென்சி, ஐடென்டிஃபையர் பெயர்கள் மேப்பிங்கிலும் அட்டவணையிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இதைத் தனியாக டெப்ளாய் செய்யவும் (இயக்கத்துக்குக் கொண்டுவரவும்) வேண்டும். சேமித்துவிட்டு டெப்ளாயை மறந்தால் பழைய பட்டியலே ஓடும். ஒரே ஒரு இன்டர்ஃபேஸ், வருஷத்துக்கு ஒரு மாற்றம் என்றால் ஃபிக்ஸ்வேல்யூஸே போதும்.

எக்ஸ்எஸ்எல்டியை விட முடியாதவர்கள் அட்டவணையைத் தனி எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்து கீ ஃபங்ஷனால் தேடலாம். எக்ஸ்எஸ்எல்டி 1.0இல் கீ தேடுவது அப்போது நிற்கும் ஆவணத்துக்குள் மட்டும்தான். ஃபார்-ஈச் போட்டு அட்டவணைக் கோப்புக்குள் போய்த்தான் தேட வேண்டும். 2.0இல் மூன்றாவது ஆர்குமென்டாக அந்த ஆவணத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

வரி வகை வேறு கதை. அங்கே குறியைப் பொறுத்துக் கூட வர வேண்டிய எலிமென்டுகளும் (எக்ஸ்எம்எல் உறுப்புகளும்) மாறுகின்றன. விலக்குக்கான 'இ' போட்டால் விலக்குக் காரணம் கட்டாயம். பூஜ்ய விகிதத்துக்கான 'இசட்' போட்டால் காரணம் இருக்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே போகும் சரக்குக்கான 'கே' என்றால் காரணத்தோடு டெலிவரி நாடும் வேண்டும், கூடவே டெலிவரி தேதியோ இன்வாய்ஸ் காலமோ வேண்டும். வரிக்குறி, விகிதம், வாங்குபவர் நாடு மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். இதை அட்டவணைக்குள் திணிக்கப் பார்ப்பது வீண் வேலை; சூஸ்தான் சரி. முதலில் பொருந்திய வென் மட்டுமே ஓடும் என்பதால் குறைவான இன்வாய்ஸ்களுக்கே பொருந்தும் குறிப்பான நிபந்தனையை மேலே வையுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. "நாடு டிஇ (ஜெர்மனி) அல்ல" என்பதை ஆச்சரியக்குறி-சமக்குறி கொண்டு எழுதினால், நாடு எலிமென்டே இல்லாத இன்வாய்ஸில் அந்த நிபந்தனை பொய்யாகிவிடும். நிபந்தனைகளை எழுதும் எக்ஸ்பாத் மொழி ஒப்பிட ஒரு நோடாவது (எலிமென்ட் போன்ற ஒன்றாவது) இருக்க வேண்டும். "நாடு டிஇக்குச் சமம்" என்று எழுதி அதை நாட் ஃபங்ஷனுக்குள் போட்டால் அதே இன்வாய்ஸில் உண்மை வரும். நாடு இல்லாத இன்வாய்ஸை வெளிநாட்டு விற்பனையாக எடுப்பதும் தப்புதான், ஆகவே எலிமென்ட் இருக்கிறதா என்று முதல் வென்னிலேயே கேட்டு, இல்லையென்றால் மெசேஜை நிறுத்திவிடுங்கள். ஒப்பிடும் முன் நார்மலைஸ்-ஸ்பேஸ் போட்டு ஓரத்து இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் சோதனைக்கு மூன்று கோப்புகள் தேவை: பட்டியலில் இல்லாத அலகு, காலியான நாடு எலிமென்ட், நாடு எலிமென்டே இல்லாதது.